என்.டி.ஏ.வில் சேர நினைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு: பிளஸ் ஒன்னில் தொடங்கி கடக்வாசலா வரை

பிளஸ் டூ முடித்த கையோடு ராணுவ, கடற்படை, விமானப்படை அதிகாரியாகப் பயிற்சிக்குப் போக இருக்கும் பெரிய வாசல், புனேக்கு அருகில் கடக்வாசலாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி. எல்லாரும் என்.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை இதற்குத் தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 400 இடங்கள். அதில் ஒரு சிறு பகுதி கேரளத்தில் எழிமலை கடற்படை அகாடமிக்கு நேரடியாகப் போகும்.

தேர்வு கடினம்தான். ஆனால் நம் பிள்ளைகள் பலர் கணக்கில் தோற்று நிற்பதில்லை. இனிஷியல் பொருந்தவில்லை, தேதியைத் தவறவிட்டோம், ஒரிஜினல் மார்க் ஷீட் கல்லூரி அலமாரியில் மாட்டிக்கொண்டது என்று நிற்கிறார்கள். படித்து ஜெயிக்கக்கூடிய பிள்ளை காகிதத்தில் தடுக்கி விழக் கூடாது. அதனால் இங்கே படிப்பைவிட ஆவணம், தேதி, செலவு பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறோம். பெற்றோரும் கூட உட்கார்ந்து படியுங்கள்.

1. வயதைக் கணக்குப் போடுங்கள், இன்றைக்கே

பயிற்சி தொடங்கும் நாளில் பதினாறரை வயதுக்குக் குறையாமலும் பத்தொன்பதரையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தேர்வு எழுதும் நாளில் உங்கள் வயது என்ன என்பது கணக்கில் வராது. ஒவ்வொரு அறிவிக்கையிலும் பிறந்த தேதி வரம்பை நேரடியாகவே போட்டிருப்பார்கள். 2025 முதல் தேர்வுக்கு அது 02.07.2006 முதல் 01.07.2009 வரை. ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் விலக்கு கிடையாது. பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் யாருக்கும் இங்கே வயதுத் தளர்வு இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் பிறந்து, 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைக்கு எத்தனை வாய்ப்பு? பிளஸ் டூ தொடங்கிய கையோடு எழுதியிருந்தால் 2024 இரண்டாம் தேர்வு ஒன்று. 2025-ல் இரண்டு. 2026 முதல் தேர்வு கடைசி. மொத்தம் நான்கு. பிளஸ் டூ முடித்த பிறகுதான் இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரிய வந்தால் இரண்டு போய்விடும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

பிளஸ் டூ படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது முடியாது. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவில் படித்தவரும் வரலாம், காமர்ஸ் பிள்ளைகளும் கூட. கடற்படை, விமானப்படை, எழிமலை மூன்றுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். இத்தனை சதவீத மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, தேர்ச்சி போதும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் 2022 முதல் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். கேள்வித்தாள், எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்காணல் எல்லாம் ஆண்களுக்கு உள்ளதேதான். பெண்களுக்கான இடங்கள் குறைவு, அறிவிக்கையில் தனியாகக் குறிப்பிடுவார்கள்.

2. கண், உயரம், கால்: படிக்கத் தொடங்கும் முன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு

மருத்துவச் சோதனை கடைசியில்தான் வரும். ஆனால் நீங்கள் அதை முதலில் செய்துகொள்ளுங்கள். இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்து, ஐந்து நாள் நேர்காணலையும் தாண்டிய பிறகு நிறக்குருடு என்று தெரிய வந்தால் அந்த வலி சொல்லி மாளாது. நிறக்குருடுக்குச் சிகிச்சை இல்லை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலும் பார்த்துக்கொள்ளலாம்.

உயரம் பொதுவாக ஆண்களுக்கு 157 சென்டிமீட்டர், பெண்களுக்கு 152. விமானம் ஓட்டும் பிரிவுக்கு 162.5. கண்ணாடி போட்டிருந்தாலே வாய்ப்பு போய்விட்டது என்பது தவறான பேச்சு. பவர் எவ்வளவு வரை அனுமதி என்பது படைக்குப் படை மாறும், விமானம் ஓட்டும் பிரிவில் மிகக் கறார். அறிவிக்கையின் மருத்துவப் பின்னிணைப்பை உங்கள் கண் மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பவரைக் குறைக்கிறேன் என்று லேசிக் அறுவை சிகிச்சைக்குப் போய்விடாதீர்கள். 20 வயதுக்குள் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுப்பதில்லை.

பச்சை குத்திக்கொள்ளவே வேண்டாம். சில இடங்களில், சில வகைக்கு அனுமதி உண்டு என்றாலும், மருத்துவக் குழுவின் முன்னால் நின்று வாதாடும் நிலைமை எதற்கு? நேராக நிற்கும்போது முழங்கால்கள் இடித்துக்கொள்கிறதா, பாதம் தட்டையா, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, சொத்தைப் பல் எத்தனை, மூலம், விரைவீக்கம் ஏதும் உண்டா என்று ஒரு பொது மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பாதி, நேரம் இருந்தால் சரிசெய்யக்கூடியவை.

3. பெயரும் இனிஷியலும்

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ‘கார்த்திக் எம்’ என்று இருக்கும். ஆதாரில் ‘கார்த்திக் முருகன்’. வங்கிப் புத்தகத்தில் ‘எம். கார்த்திக்’. நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். டெல்லியில் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். யு.பி.எஸ்.சி. பெயரையும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் கேட்கிறது. பிறந்த தேதிக்கு ஜாதகம், அஃபிடவிட் எதுவும் செல்லாது.

ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேசையில் வைத்து, மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். இனிஷியல் பின்னால் என்றால் எல்லாவற்றிலும் பின்னால். புள்ளி, இடைவெளி, ஆங்கில எழுத்துக்கூட்டல் வரைக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்பா, அம்மா பெயரையும் அப்படியே பாருங்கள். சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு ‘எச்’ கூடுதலாக இருந்து அவருடைய ஆதாரில் இல்லாவிட்டால், அதையும் இப்போதே சரிசெய்வது நல்லது.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் ஒரு தடவையை வீணாக்கிவிடாதீர்கள். திருத்தம் கேட்கும் படிவத்தில் ஆங்கிலப் பெயரைக் கொட்டை எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள், ஆபரேட்டர் தட்டச்சு செய்ததைத் திரையில் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். இப்போது ஒன்பது, பத்து படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் நாமினல் ரோல் என்ற மாணவர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுப்பார்களே, அன்றைக்குப் பெற்றோர் ஒருவர் நேரில் போய் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

4. விண்ணப்பம்

முதல் தேர்வின் அறிவிக்கை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வரும், தேர்வு ஏப்ரலில். இரண்டாம் தேர்வின் அறிவிக்கை மே இரண்டாம் பாதியில், தேர்வு செப்டம்பரில். விண்ணப்பிக்க மூன்று வாரம் போலத்தான் கிடைக்கும். டிசம்பர் என்றால் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நேரம், யாருக்கும் நினைவிருக்காது. வீட்டுக் காலண்டரில் டிசம்பர் 10-ஐயும் மே 25-ஐயும் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.

கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் கட்டணம் இல்லை. படையில் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி), ஹவில்தார், சிப்பாய் நிலையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு, அதற்கான நிபந்தனையை அறிவிக்கையில் பாருங்கள்.

பதிவும் விண்ணப்பமும் யு.பி.எஸ்.சி.யின் ஆன்லைன் தளத்தில் மட்டும். பதிவு எப்போதும் திறந்தே இருக்கும், எனவே அறிவிக்கைக்குக் காத்திராமல் அதை முன்கூட்டியே முடித்துவிடலாம். பிரவுசிங் சென்டரில் செய்வதானால் சென்டர்காரருடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுக்காதீர்கள். எழுத்துத் தேர்வு ரிசல்ட்டுக்குப் பிறகு எல்லாச் செய்தியும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். நேர்காணல் அழைப்பு யாரோ ஒருவருடைய இன்பாக்ஸில் திறக்கப்படாமல் கிடப்பது வேண்டாத வேதனை.

தேர்வு மையம் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் ஒதுக்கப்படுகிறது. கடைசி நாளில் போனால் மதுரைக்காரர் சென்னைக்கு வந்து எழுத வேண்டியிருக்கும்.

படை விருப்ப வரிசையை நிதானமாக நிரப்புங்கள். நீங்கள் குறிப்பிடாத படைக்கு உங்களைப் பரிசீலிக்கவே மாட்டார்கள். விமானம் ஓட்டும் பிரிவைக் கேட்டால் சி.பி.எஸ்.எஸ். என்ற கணினிவழிச் சோதனை உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் எந்தத் தேர்வு வழியாகவும் பைலட் ஆக முடியாது, மற்ற பிரிவுகளுக்கான வாய்ப்பு மட்டும் அப்படியே இருக்கும். ஆசை உண்மையானது என்றால் கேளுங்கள். கூட்டத்தோடு கூட்டமாக டிக் செய்துவிடாதீர்கள்.

5. எழுத்துத் தேர்வுக்குப் படிப்பது

இரண்டு தாள். கணிதம்: 120 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். பொதுத் திறன்: 150 கேள்வி, 600 மதிப்பெண், அதுவும் இரண்டரை மணி நேரம். இந்த 600-ல் 200 ஆங்கிலத்துக்கு. மீதி 400-ல் ஏறக்குறைய பாதி இயற்பியல், வேதியியல், பொது அறிவியல். இன்னொரு பாதி வரலாறு, புவியியல், நடப்பு நிகழ்வு. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். கணிதத்தில் சரியானால் 2.5, தவறானால் 0.83 போகும். பொதுத் திறனில் 4-ம் 1.33-ம்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள். பின்வாங்க வேண்டாம், செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. அரசுப் பாடநூலின் ஆங்கிலவழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் தமிழ்வழிப் புத்தகத்தையும் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புத்தகத்தின் கடைசியில் கலைச்சொல் பட்டியல் இருக்கும். தினம் பதினைந்து சொல் எடுத்தால் மூன்று மாதத்தில் அந்தச் சுவர் கரைந்துவிடும். கணிதத் தாளில் ஆங்கிலம் மிகக் குறைவு. ‘அணி’ என்பது மேட்ரிக்ஸ், ‘அணிக்கோவை’ என்பது டிடெர்மினன்ட் என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் எண்ணும் குறியும்தான்.

கணிதத்தில் பெரும்பகுதி பிளஸ் ஒன் பாடம்: முக்கோணவியல், இருபரிமாணப் பகுமுறை வடிவியல், வகையிடல், நிகழ்தகவு. பிளஸ் ஒன் பாடத்தை அவசரமாக ஓட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளியில் நீங்கள் படித்திருந்தால், அந்தப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் நீங்களே எடுத்து உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை.

இன்னொரு சிக்கல் வேகம். ஐந்து மதிப்பெண் கணக்கை ஸ்டெப் ஸ்டெப்பாக ஒரு பக்கத்துக்கு எழுதிப் பழகிய கை, இங்கே ஒரு கேள்விக்கு 75 நொடிக்குள் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. பல நேரம் நான்கு விடைகளையும் கணக்கில் போட்டுப் பார்ப்பதே முழுக் கணக்கைத் தீர்ப்பதைவிடச் சீக்கிரம் முடியும். இது புத்தகம் படித்து வருவதில்லை. யு.பி.எஸ்.சி. தளத்தில் பழைய கேள்வித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்துத் தாளையாவது கடிகாரம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில், காலை 10 மணிக்குக் கணிதம், பிற்பகல் 2 மணிக்குப் பொதுத் திறன் என்று நிஜத் தேர்வு நேரத்திலேயே எழுதிப் பாருங்கள்.

எவ்வளவு எடுக்க வேண்டும்? 2021 முதல் 2024 வரை எழுத்துத் தேர்வு கட்-ஆஃப் 900-க்கு 291-லிருந்து 360 வரை ஏறி இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்சம் 20 அல்லது 25 சதவீதமும் வேண்டும். கணிதத்தில் 45 சரி, 15 தவறு என்றால் 100. பொதுத் திறனில் 75 சரி, 35 தவறு என்றால் 253. கூட்டினால் 353. எல்லாக் கேள்வியையும் தொட வேண்டும் என்ற வெறியை விட்டுவிட்டு, தெரிந்ததைத் தப்பில்லாமல் செய்தாலே போதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கணிதத்தை முழுக்கக் கைவிட்டு ஆங்கிலத்தில் ஈடுகட்டலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம், அந்தக் குறைந்தபட்ச மதிப்பெண் பிடித்துக்கொள்ளும்.

தேர்வு நாளில் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசல் மூடப்படும். கறுப்புப் பால்பாயிண்ட் பேனா மட்டும். விடைத்தாளில் கேள்விப் புத்தகத்தின் வரிசை எழுத்தை, ஏ, பி, சி, டி-யில் எது என்று, வட்டத்தில் கருமையாக்காமல் விட்டால் மொத்தத் தாளும் நிராகரிக்கப்படும். விண்ணப்பத்தில் எந்த அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தீர்களோ அதே அட்டையின் ஒரிஜினலைக் கொண்டுபோங்கள்.

6. ரிசல்ட் வந்த பிறகு இரண்டு வாரம்

தேர்ச்சிப் பட்டியலில் எண் வந்துவிட்டது, இனி அவர்களே அழைப்பார்கள் என்று சும்மா இருந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ‘ஜாயின் இண்டியன் ஆர்மி’ தளத்தில் நீங்களே பதிவு செய்ய வேண்டும், யு.பி.எஸ்.சி.க்குக் கொடுத்த அதே மின்னஞ்சலில். அதன் பிறகுதான் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் நேர்காணலின் இடமும் தேதியும் வரும்.

பெங்களூரு, மைசூரு கிடைத்தால் நமக்குப் பக்கம். போபாலோ பிரயாக்ராஜோ கிடைத்தால் இரண்டு நாள் ரயில். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் தேதி தெரிந்த அன்றே போக டிக்கெட் போட்டுவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டில் கவனம் தேவை. முதல் நாள் சோதனையிலேயே பெரும்பாலானவர்களை அன்றே அனுப்பிவிடுவார்கள். ஆறாம் நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு நடுவில் தங்க இடமில்லாமல் நிற்கக் கூடாது. திரும்பி வரும் செலவைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைப் பணிக்கு முதல் முறையாக எஸ்.எஸ்.பி. போகிறவர்களுக்கு ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி. வரை போகவர கட்டணம் திருப்பித் தரப்படும். டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும், உங்கள் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். உள்ளே தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

இரண்டாம் தேர்வை பிளஸ் டூ படிக்கும்போதே எழுதியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. சில நேரம் செய்முறைத் தேர்வு நாட்களோடு மோதும். தேதி தேர்வு செய்யும் வசதி தளத்தில் திறந்ததும் பள்ளி அட்டவணையைப் பார்த்துவிட்டு எடுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

7. பையில் என்ன இருக்க வேண்டும்

முதல் நாள் காலை ஆவணச் சரிபார்ப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரிஜினல் இல்லையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழைப்புக் கடிதத்தில் பட்டியல் இருக்கும், அதை அப்படியே அடுக்குங்கள். பொதுவாகக் கேட்பவை: பத்து, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் ஒரிஜினலும் சான்றொப்பமிட்ட நகல்களும், பிளஸ் டூ இன்னும் முடிக்கவில்லை என்றால் தலைமையாசிரியரின் போனஃபைடு, அழைப்புக் கடிதம், பெற்றோர் கையெழுத்திட்ட ரிஸ்க் சான்று (சோதனையில் காயம்பட்டால் பொறுப்பு எங்களுடையது என்பது), ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இருபது. ரிஸ்க் சான்றில் பெற்றோர் கையெழுத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

உடைக்கு இரண்டு ஜோடி ஃபார்மல் பேண்ட் சட்டை, தோல் ஷூ, வெள்ளை டி-ஷர்ட், ஷார்ட்ஸ், கான்வாஸ் ஷூ. புது ஷூவை அங்கே போய்ப் போடாதீர்கள், இரண்டு வாரம் முன்பே போட்டு ஓடிப் பழகுங்கள். கொப்புளம் வந்த காலோடு தடை தாண்ட முடியாது.

8. அந்த ஐந்து நாள்

முதல் நாள் அறிவுத் திறன் சோதனை, பிறகு ஒரு படம். மங்கலான படத்தை 30 நொடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு குழுவாகப் பேச வேண்டும். இந்தக் குழுப்பேச்சு சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நீங்களும் கத்த வேண்டியதில்லை. சத்தம் தாழும் ஒரு நொடியில் நுழைந்து, இரண்டு வாக்கியம் தெளிவாகச் சொல்லி, இன்னொருவரையும் பேசவிடுங்கள். முழுக்க மௌனமாக இருப்பதுதான் ஆபத்து.

இரண்டாம் நாள் எழுதும் நாள். பன்னிரண்டு படத்துக்குக் கதை, அதில் கடைசி வெற்றுத் தாள். 60 சொல், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம். 60 சூழ்நிலை, 30 நிமிடம். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இங்கே வேலைக்காகாது. ஒரே அறையில் இருபது பேர் ஒரே வாக்கியத்தை எழுதினால் உளவியலாளருக்குத் தெரியாதா? கேள்வித்தாளில் ‘இரவில் பஸ் பழுதாகி நின்றது’ என்று இருந்தால், உங்கள் ஊர் பஸ் நின்றால் நீங்கள் நிஜமாக என்ன செய்வீர்களோ அதைச் சுருக்கமாக எழுதுங்கள்.

மூன்றாம், நான்காம் நாள் மைதானம். பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். தனியாகப் பத்துத் தடை, மூன்று நிமிடம். ஒரு அட்டையில் நான்கு தலைப்பு தருவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். உடம்பைத் தயார் செய்ய யு.பி.எஸ்.சி. அறிவிக்கையே அளவு தருகிறது: 2.4 கிலோமீட்டர் 15 நிமிடத்தில் ஓட்டம், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிறு ஏற்றம் 3 முதல் 4 மீட்டர். இது சேரும்போது எதிர்பார்ப்பது. எஸ்.எஸ்.பி.க்கு முன்பே எட்டிவிடுங்கள், மைதானத்தில் மூச்சு வாங்காது.

நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் நீங்கள் முதல் நாள் நிரப்பும் தகவல் படிவத்திலிருந்தே வரும். அப்பா கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே எழுதுங்கள். வறுமை அங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை, பொய்தான் பார்க்கப்படும். பொழுதுபோக்கு என்று கபடி எழுதினால் எத்தனை பேர் அணி, மைதான அளவு என்ன, கடைசியாக எந்தப் போட்டியில் ஆடினாய் என்று கேட்பார்கள். உங்கள் மாவட்டத்தில் என்ன விளைகிறது, என்ன தொழில், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் வாயில் இருக்கட்டும்.

ஆங்கிலமோ இந்தியோ பேசலாம். இலக்கணம் சிதைந்த ஆங்கிலத்தோடு தேர்வானவர்கள் உண்டு, பேச்சே வராமல் தேர்வானவர்கள் இல்லை. பிளஸ் ஒன்னிலிருந்தே ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் நடக்கும்போது இருபது நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எந்தக் கோச்சிங்கைவிடவும் இது உதவும் என்றே சொல்வோம்.

9. தேர்வானதும் மருத்துவம், மெரிட்

‘ரெக்கமண்டட்’ என்று உங்கள் மார்பு எண்ணை (அங்கே அணியத் தரும் அடையாள எண்) சொன்னால் வீட்டுக்குச் சொல்லி மகிழுங்கள், ஆனால் ஊருக்குப் பேனர் வைக்காதீர்கள். எழுத்து 900, எஸ்.எஸ்.பி. 900, கூட்டிப் போடும் அகில இந்திய மெரிட் பட்டியலில் வந்தால்தான் சேர்க்கைக் கடிதம். அதற்கு முன் படை மருத்துவமனையில் சில நாள் சோதனை. காதுக் குறும்பி, கூடுதல் எடை போன்ற சின்ன விஷயங்களுக்குத் தற்காலிகத் தகுதியின்மை போடுவார்கள். பதற வேண்டாம். மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் போக 42 நாள் வரை அவகாசம் உண்டு. எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று தாளில் எழுதி வாங்கி, அதற்குள் சரிசெய்துகொண்டு போங்கள். போகாமல் விட்டால் அதோடு முடிந்தது.

இடைத்தரகர் யாராவது மெடிக்கலில் ஆள் இருக்கிறார், மெரிட்டில் ஏற்றித் தருகிறேன் என்று வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழி இல்லை.

10. இடையில் கல்லூரியில் சேர்வதானால்

ஏப்ரலில் தேர்வு எழுதினால் பயிற்சி அடுத்த ஜனவரியில். நடுவில் கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள், அது நல்லது. ஆனால் சேர்க்கையின்போது கல்லூரிகள் பத்து, பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.பி.க்கு அவையே ஒரிஜினலாக வேண்டும். சேரும் நாளிலேயே முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள்: யு.பி.எஸ்.சி. நேர்காணலுக்காக ஒரிஜினல்களைத் தற்காலிகமாகத் திருப்பித் தர வேண்டும் என்று. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். அழைப்பு வந்ததும் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போய்க் கேளுங்கள். விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேரும்போதே கேட்டு வையுங்கள், ஜனவரியில் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

11. சேரும்போது வீட்டுக்கு ஆகும் செலவு

பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். கைச்செலவு மட்டும் பெற்றோருடையது, வழக்கமாக மாதம் 3,000 ரூபாய்க்குள். சேரும் நாளில் முதல் சில மாதக் கைச்செலவு, உடை, காப்பீடு என்று ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். சேர்க்கைக் கடிதத்தில் அது பிரித்துப் போட்டிருக்கும். பயணத்தையும் சேர்த்து அரை லட்சம் ரூபாயைத் தயாராக வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் வட்டிக்கு அலைய வேண்டியிராது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அரசு நிதி உதவி உண்டு. அதற்கு மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வருமானச் சான்றிதழை இ-சேவையில் முன்பே எடுத்து வையுங்கள்.

கடக்வாசலாவில் மூன்று ஆண்டு, ஆறு பருவம். டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும். பிறகு படையைப் பொறுத்து டேராடூன், எழிமலை, துண்டிகல் ஆகிய இடங்களில் மேற்பயிற்சி. டேராடூன் கட்டத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. நடுவில் சொந்த விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பெற்றோர் கையெழுத்திடும் பத்திரத்தில் இது இருக்கும், கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

12. வயது இன்னும் வராதவர்களுக்கும், தாண்டிவிட்டவர்களுக்கும்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் சேர்க்கை, தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு வழியாக. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஒன்பதுக்கு ஆங்கிலம் மட்டும். எட்டாம் வகுப்புக்கு டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி. பதினொன்றரை முதல் பதின்மூன்று வயதுக்குள், ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. தமிழ்நாட்டில் இதை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. விண்ணப்பப் படிவத்தைக் கல்லூரியிடமிருந்து பணம் கட்டி வாங்கி, நிரப்பி டி.என்.பி.எஸ்.சி.க்கு அனுப்ப வேண்டும். படிவம் தபாலில் வந்து சேரவே நாள் ஆகும் என்பதால் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

என்.டி.ஏ. வயது முடிந்துவிட்டால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். பட்டப்படிப்புக்குப் பிறகு யு.பி.எஸ்.சி.யின் சி.டி.எஸ். தேர்வும், விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட் தேர்வும் உண்டு. நம் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு சி.டி.எஸ். வழியாகவும் போகலாம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடுங்கள். ‘சி’ சான்றிதழ் எடுத்துவிட்டால் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் தனி வழி உண்டு. என்.சி.சி. தேர்வு பெரும்பாலும் முதலாண்டின் தொடக்கத்தில் மட்டுமே நடக்கும். அட்மிஷன் போடும் நாளிலேயே அந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.